கண்ணுக்குள் ஒரு கண்ணாடி

(அறநிதியின் ஆண்டுக் கூட்டத்தில் ஆலய நிர்வாகக் குழு உறுப்பினரும் பணி ஓய்வு பெற்ற ஆசிரியருமான ஒருவர் ஆற்றிய உரை)



உங்கள் கையில் இருக்கும் ஆண்டறிக்கையில் “கண் சிகிச்சை உதவி” என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்காக நிர்வாகக் குழுவில் மூன்று கூட்டங்கள் நடந்தன. இரண்டு கூட்டங்களில் குரல் உயர்ந்தது. ஒன்றில் தேநீர் ஆறிப்போய், யாரும் தொடாமல் திரும்பிப் போனது. பணம் கொடுத்தவர்களுக்கு விவரம் தெரிய வேண்டும் என்று செயலாளர் என்னைப் பேசப் பணித்தார். நான் மருத்துவன் அல்லன். இரண்டு கண்ணிலும் கண்புரை அறுவை செய்துகொண்டவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. நான் சொல்வதைக் கேட்டுவிட்டு யாரும் முடிவு எடுத்துவிடாதீர்கள். மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்டியல் திறக்கும் நாளில் என்னோடு அமர்ந்து எண்ணியவர்களுக்குத் தெரியும். நோட்டுக்கும் சில்லறைக்கும் நடுவே ஒவ்வொரு முறையும் வெள்ளியில் செய்த கண் மலர் இரண்டு, மூன்று கிடைக்கும். யார் போட்டது, யாருடைய கண்ணுக்காகப் போட்டது என்று நமக்குத் தெரியாது. அம்மனிடம் சொன்னவர்கள் மருத்துவரிடமும் சொன்னார்களா என்பதும் தெரியாது. சுந்தரமூர்த்தி நாயனார் வரலாற்றை நம் ஓதுவார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கைத் தவறியதால் இரண்டு கண்ணும் போயிற்று. காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. வலக்கண் திருவாரூர் போய்ச் சேர்ந்த பிறகே கிடைத்தது. இறைவனே ஒரு கண்ணுக்குப் பிறகுதான் மறு கண் கொடுத்தான். இன்றைய மருத்துவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு கண்ணை அறுத்து, அது ஆறிப் பார்வை எப்படி வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு மறு கண்ணுக்கு நாள் குறிக்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் நாம் யோசிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

என் பாட்டியிடமிருந்து தொடங்குகிறேன். தோட்டத்து லயத்தில் எங்களோடு இருந்தவர். நான் சிறுவனாக இருந்தபோது அவருக்குக் கண்புரை எடுத்தார்கள். அந்தக் காலத்தில் புரை விழுந்த லென்ஸை வெளியே எடுப்பதோடு சரி. உள்ளே வேறொன்றும் வைப்பதில்லை. அதற்கு ஈடாக, சோடா பாட்டிலின் அடிப்பாகம் போன்ற கனத்த கண்ணாடி கொடுப்பார்கள். அந்தக் கண்ணாடி எல்லாப் பொருளையும் கால் பங்கு பெரிதாக்கிக் காட்டும். பெரிதாகத் தெரிவது பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். பாட்டி குத்துவிளக்கைத் தொடப் போவார், கை காற்றைத் தொடும். படி இறங்கும்போது கால் எங்கோ போகும். கண்ணாடியின் ஓரத்தில் வட்டமாக ஒரு குருட்டுப் பகுதி உண்டு. பக்கவாட்டில் வருகிற ஆள் அந்த வட்டத்துக்குள் மறைந்து, திடீரென்று முன்னால் குதிப்பார். “பேய் மாதிரி வர்றீங்கடா” என்று எங்களைத் திட்டுவார். நாங்கள் அதை விளையாட்டாக்கி வேண்டுமென்றே அப்படி வந்து நிற்போம். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றி வைத்தால் அவருக்கு எதிரில் இருப்பவர் முகமே தெரியாது.

பாட்டிக்கு உள்ளே வைக்க லென்ஸ் உலகத்தில் இல்லாமல் இல்லை. 1949ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி, லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்ட் ரிட்லி என்ற மருத்துவர் புரையை எடுத்த கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் ஒன்றை வைத்தார். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் பாய்ந்திருந்தன. அவை கண்ணை உறுத்தாமல் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்ததை அவர் கவனித்தார். உறுத்தாத பொருளானால் அதிலேயே லென்ஸ் செய்யலாமே என்பது அவர் கணக்கு. பெரிய பெரிய கண் மருத்துவர்கள் அவரைக் கடிந்துகொண்டார்கள். கண்ணுக்குள்ளிருந்து வேண்டாததை எடுப்பதுதான் வைத்தியம், உள்ளே ஒன்றை வைப்பது வைத்தியமா என்று கேட்டார்கள். பல்லாண்டு காலம் அவர் ஒதுக்கப்பட்டே இருந்தார். 1990இல் அவருக்கே புரை வந்தபோது, அதே மருத்துவமனையில் அவர் கண்ணுக்குள்ளும் லென்ஸ் வைத்தார்கள்.

இந்த ரிட்லியைப் பற்றி நம்மவர்களுக்கு இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். போர் முடிந்த கையோடு, சயாமிலிருந்து விடுவிக்கப்பட்ட போர்க்கைதிகளின் கண்கள் பட்டினியால் எப்படிக் கெட்டிருந்தன என்று ஆராய்ந்து 1945இல் கட்டுரை எழுதியவர் அவர். சயாம் மரண ரயில் என்றால் நம் தோட்டத்துக் குடும்பங்களில் இன்றும் ஒரு பெருமூச்சு வரும். அந்தப் பாதையில் வெந்து திரும்பிய வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கண்களைப் பார்க்க ஒரு மருத்துவர் இருந்தார். அங்கே போய்த் திரும்பி வந்த நம் தமிழர்களின் கண்களை யார் பார்த்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. அது வேறு கதை, இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

லென்ஸ் இருந்தது, ஆனால் ஏழைக்கு எட்டவில்லை. எட்ட வைத்தது நம் மதுரை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1918இல் வடமலாபுரத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே கடுமையான முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. பேனா பிடிக்கவே முடியாமல் இருந்தவர், அந்த விரல்களாலேயே அறுவைக் கத்தி பிடிக்கப் பழகி, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். நம்மில் பலர் ஓய்வு பெற்றதும் சாய்வு நாற்காலி வாங்குகிற வயது அது. நானும் வாங்கினேன். வசதியுள்ளவர்கள் கட்டணம் செலுத்துவார்கள், இல்லாதவர்கள் இலவசமாகவோ சிறு தொகைக்கோ சிகிச்சை பெறுவார்கள். முன்னவர் கட்டணத்தில் பின்னவர் செலவு ஓடும். அறநிதி நடத்துகிற நாம் பாடமாகப் படிக்க வேண்டிய ஏற்பாடு.

ஆனால் உள்ளே வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தது. ஒன்று நூறு அமெரிக்க டாலருக்குக் குறையாது. பணம் உள்ளவருக்கு லென்ஸ், இல்லாதவருக்கு என் பாட்டியின் சோடா பாட்டில் கண்ணாடி என்ற நிலை. இதைப் பொறுக்க முடியாமல் 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கினார்கள். சுமார் பத்து டாலருக்கு லென்ஸ் செய்து காட்டினார்கள். அதன் பிறகு உலக முழுதும் விலை இறங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மதுரை லென்ஸ் போகிறது. டாக்டர் வெங்கடசாமி 2006இல் மறைந்தார். விலை குறைந்த லென்ஸ் என்றதும் மட்டமானது என்று முகம் சுளிப்பவர்களுக்காக இதைச் சொல்லி வைத்தேன். இந்தப் பேச்சு பிறகு மீண்டும் வரும்.

இப்போது என் கதை. 2012இல் எனக்கு 52 வயது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் நான் எழுதியதே எனக்குப் புகை படிந்தது போல் தெரிந்தது. பிள்ளைகளின் கட்டுரை நோட்டில் ணகரமும் னகரமும் ஒன்றாகிவிட்டன. பிழையில்லாத எழுத்தைச் சுழித்துவிட்டேன் என்று ஒரு மாணவி அழுதுகொண்டே வந்து நின்றாள். அதன் பிறகுதான் மருத்துவரிடம் போனேன். கண்புரை கிழவர்களுக்கு வருவது என்று நினைத்திருந்தேன். மருத்துவர் வரிசையாகக் கேட்டார்: நீரிழிவு உண்டா? ஆஸ்துமாவுக்கோ தோல் நோய்க்கோ ஸ்டீராய்டு மருந்து சாப்பிட்டதுண்டா? கண்ணில் எப்போதாவது அடிபட்டதா? சிறு வயதிலிருந்தே கிட்டப்பார்வையா? நடு வயதில் புரை வருவதற்கு இவையெல்லாம் வழி. செம்பனைக் குலை வெட்டும்போது கண்ணில் அடிபட்டவர்கள், பெயர் தெரியாத மூட்டுவலி மாத்திரையைக் கடையில் வாங்கிப் பல ஆண்டு விழுங்கியவர்கள் நம் வட்டாரத்தில் எத்தனை பேர்! எனக்குக் காரணம் கிட்டப்பார்வைதான். பயிற்சிக் கல்லூரி நாளிலிருந்தே கண்ணாடி. அளவு இரண்டு கண்ணிலும் மைனஸ் ஐந்து.

புரை எடுப்பது விளக்கு மாற்றுவது போல என்று எண்ணிப் போனேன். பழுதான பல்பைக் கழற்றி, புதியதை மாட்டினால் வெளிச்சம். மருத்துவர் அம்மையார் கேட்ட கேள்வி என்னைத் திகைக்க வைத்தது. “ஆசிரியரே, உங்களுக்குத் தூரம் வேண்டுமா, கிட்டம் வேண்டுமா?”

இந்தக் கேள்வி ஏன் வருகிறது என்று கேளுங்கள். இறைவன் கொடுத்த லென்ஸ் வளைந்து கொடுக்கும். மரத்தைப் பார்த்தால் மெலியும், புத்தகத்தைப் பார்த்தால் தடிக்கும். நாற்பது வயதுக்கு மேல் அது இறுகத் தொடங்குவதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். உள்ளே வைக்கிற சாதாரண லென்ஸ் வளையாது. ஒரே ஒரு தூரத்துக்குத்தான் தெளிவு. அந்த ஒரு தூரம் எது என்று அறுவைக்கு முன்பே நாம் சொல்ல வேண்டும். அறுபத்தைந்தில் செய்துகொள்கிறவருக்கு வெள்ளெழுத்து ஏற்கனவே முழுமையாக வந்திருக்கும்; இழக்க ஒன்றுமில்லை. நாற்பத்தைந்து, ஐம்பதில் செய்துகொள்கிறவரோ கொஞ்சநஞ்சம் மிஞ்சியிருந்த அந்த வளைவை ஒரே நாளில் இழக்கிறார். நேற்று வரை கைபேசி படித்தவர் இன்று கையை நீட்டுகிறார். நடு வயதில் இந்த முடிவு கடினமாவது இதனால்தான். இன்னும் இருபது முப்பது ஆண்டு அந்தக் கண்ணோடு வேலை பார்க்க வேண்டுமே!

எனக்கு இன்னொரு சிக்கல். அப்போது புரை வலக்கண்ணில்தான் முற்றியிருந்தது. வலக்கண்ணைத் தூரத்துக்கு வைத்தால் அதன் அளவு பூஜ்யம், இடக்கண் மைனஸ் ஐந்து. அவ்வளவு வித்தியாசம் இருந்தால் கண்ணாடி போட்டாலும் இரண்டு கண்ணின் படமும் ஒன்றாகச் சேராது, தலை சுற்றும். இடக்கண்ணையும் உடனே செய்ய வேண்டும், அல்லது அதில் காண்டாக்ட் லென்ஸ் போட வேண்டும்.

மூன்று வாரம் யோசித்தேன். என் நாளை அப்படியே நோட்டில் எழுதிப் பார்த்தேன். காலை ஐந்தரைக்குப் பூசையறையில் விளக்கு வெளிச்சத்தில் திருமுறை. ஏழரையிலிருந்து வகுப்பு. மாலையில் நோட்டுத் திருத்தம், அந்த நாளில் ஒரு கட்டுக்கு நாற்பது நோட்டு. இரவு செய்தித்தாள். கார் ஓட்டுவது பள்ளிக்கும் கோவிலுக்கும் மட்டும். வாழ்நாள் முழுதும் படிக்க உட்கார்ந்தால் கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிவிட்டு, புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோய்ப் பழகியவன் நான். அந்தப் பழக்கத்தை விட மனமில்லை. “கிட்டம்” என்றேன். மைனஸ் இரண்டரையில் நிற்கும்படி லென்ஸ் வைத்தார்கள். அதாவது 40 சென்டிமீட்டரில் தெளிவு. சரியாகப் புத்தகம் பிடிக்கும் தூரம். இடக்கண்ணோடு இருந்த வித்தியாசமும் சமாளிக்கும் அளவுக்குக் குறைந்தது. இரண்டு ஆண்டு கழித்து இடக்கண்ணையும் அதே கணக்கில் முடித்துக்கொண்டேன்.

கட்டை அவிழ்த்த மறுநாள் முதலில் நான் பார்த்தது என் சட்டையை. பழுப்பு என்று நினைத்து நான் உடுத்தி வந்தது வெள்ளைச் சட்டை!

அதன் பிறகு பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்: “ஆபரேஷன் செஞ்சும் கண்ணாடியா, வாத்தியாரே? காசு வீணாப் போச்சா?” கார் ஓட்டவும் கோபுரம் பார்க்கவும் எனக்குக் கண்ணாடி வேண்டும்தான். தேவாரம் படிக்க வேண்டாம். நான் கேட்டு வாங்கியது அதுதான்.

என் மனைவி நேர் எதிர். அவருக்கு இயல்பிலேயே தூரம் நன்றாகத் தெரியும். நாற்பத்தைந்திலிருந்து பூக்கட்ட மட்டும் கண்ணாடி. அவருக்கு அறுவை வந்தபோது, “எனக்குப் பழகினபடியே இருக்கட்டும்” என்று இரண்டு கண்ணையும் தூரத்துக்கு வைத்துக்கொண்டார். ஒரே வீட்டில் நான் படிக்கக் கண்ணாடியைக் கழற்றுகிறேன், அவர் படிக்கக் கண்ணாடியைத் தேடுகிறார். இருவருக்கும் குறையில்லை. கிட்டப்பார்வைக்காரர் அவசரப்பட்டுத் தூரம் கேட்டுவிட்டு, பிறகு முகம் மழிக்கக்கூடக் கண்ணாடி தேட வேண்டியிருக்கிறதே என்று வருந்துவதை நான் கண்டிருக்கிறேன்.

நம் பொருளாளர் வேறு வகை. அவர் அனுமதியோடு சொல்கிறேன். ஒரு கண் தூரத்துக்கு, மறு கண் கிட்டத்துக்கு. வலக்கண்ணால் கூட்டத்தைப் பார்ப்பார், இடக்கண்ணால் கணக்கைப் பார்ப்பார். அதனால்தான் ரசீது தப்புவதில்லை. மூளை தானே தேவையான கண்ணைத் தேர்ந்துகொள்ளும். எல்லோருக்கும் இது ஒத்து வராது. அறுவைக்கு முன்பே சில நாள் காண்டாக்ட் லென்ஸ் போட்டுச் சோதித்துப் பார்க்கலாம். ஒத்து வரவில்லை என்றால் கழற்றி வைத்துவிடலாம். இப்படி முன்கூட்டியே ஒத்திகை பார்க்கக்கூடியது அநேகமாக இது ஒன்றுதான்.

இனி, விலை உயர்ந்தவற்றுக்கு வருவோம். பலகுவிய லென்ஸ் என்பது உள்ளே வரும் ஒளியைப் பங்கு போட்டுத் தூரத்துக்குக் கொஞ்சம், கிட்டத்துக்குக் கொஞ்சம் என்று பிரித்துக் கொடுக்கிறது. கண்ணாடியே இல்லாமல் பெரும்பாலான வேலையைச் செய்துவிடலாம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்தும் அம்மையார் ஒருவர் போட்டுக்கொண்டார். அடுப்பு ஆவியில் கண்ணாடி புகைந்துபோகும் தொல்லை தீர்ந்தது என்று மகிழ்ச்சியாக இருக்கிறார். ஆனால் ஒளியைப் பங்கு போட்டால் பங்கு குறையும் அல்லவா? மங்கிய வெளிச்சத்தில் எழுத்தின் கறுப்பு அவ்வளவு கறுப்பாக இராது. இரவில் விளக்குகளைச் சுற்றி வட்டம் தெரியும். என்னோடு பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் சொன்னார்: மழைக்காலத்து நிலாவுக்கு ஊர்கோள் கட்டுமே, எதிரே வருகிற ஒவ்வொரு லாரிக்கும் அப்படி ஊர்கோள் கட்டுகிறது என்று. பலருக்குச் சில மாதங்களில் மூளை பழகி, அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். அவருக்குப் பழகவில்லை. பகலில் நாளிதழ் முழுதும் கண்ணாடியில்லாமல் படிக்கிறார். இரவில் காரைத் தொடுவதில்லை. பழகாதவர்களில் சிலர் மறுபடி அறுவை செய்து லென்ஸை மாற்றிக்கொள்வதும் உண்டு. முதல் அறுவையைப் போல் அது எளிதல்ல.

இப்போது ஆழக்குவிய லென்ஸ் என்று இடைப்பட்ட ஒன்றும் வந்திருக்கிறது. தூரமும் கையெட்டும் தூரமும் தெளிவு, பொடி எழுத்துக்கு மட்டும் கண்ணாடி, வட்டத் தொல்லையும் குறைவு. டோரிக் லென்ஸ் வேறு வேலைக்கு. கருவிழி பந்து போல் உருண்டையாக இல்லாமல் முட்டை போல் கோணியிருந்தால் வரும் சிதறல் பார்வையை அது சரி செய்யும். அதைச் சரியான கோணத்தில் பொருத்த வேண்டும். பிறகு அது 30 டிகிரி சுழன்றுவிட்டால், போட்ட பயன் முழுதும் போய்விடும்.

எந்த லென்ஸ் ஆனாலும் அளவு எடுப்பதில்தான் சூட்சுமம். கண்ணின் நீளம் சராசரி இருபத்து மூன்றரை மில்லிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் கண்ணாடி அளவு இரண்டரை, மூன்று எண் தவறும். ரிட்லியின் முதல் நோயாளிக்கே கணக்குத் தவறிக் கடுமையான கிட்டப்பார்வையில் முடிந்தது. இன்று கருவிகள் நுட்பமானவை. ஆனாலும் காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அளவு எடுப்பதற்குச் சில நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். முன்பு லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றியவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு பிசகும்.

இனிதான் நம் மூன்று கூட்டத்துக் கதை. பெயர் சொல்லமாட்டேன், சம்பந்தப்பட்டவரின் சம்மதம் வாங்கிக்கொண்டே சொல்கிறேன். என் பழைய மாணவர், வயது 47. விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால்தான் பாலம் தாண்டி சிங்கப்பூரில் ஏழு மணி வேலைக்குப் போய்ச் சேர முடியும். 1924இல் திறந்த அந்தப் பாலத்தில் இன்று விடியும் முன் எத்தனை ஆயிரம் மோட்டார்கள் நெரிக்கின்றன என்பதைப் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எதிரே விளக்கு, முன்னால் சிவப்பு விளக்கு, தலைக்கவசக் கண்ணாடியில் மழைத்துளி. அவருக்கு நீரிழிவு, இரண்டு கண்ணிலும் புரை. ஒரு கிளினிக்கில், “இந்த லென்ஸ் போட்டா இருபது வயசுக் கண் திரும்பும்” என்று சொல்லி, இரண்டு கண்ணுக்கும் பலகுவிய லென்ஸுக்கு விலை எழுதிக் கொடுத்திருந்தார்கள். காப்புறுதி சாதாரண லென்ஸ் வரைக்கும்தான் தரும். மீதிப் பல ஆயிரம் வெள்ளி கையிலிருந்து. அந்த மீதிக்குத்தான் அறநிதியில் விண்ணப்பம்.

குழு இரண்டாகப் பிரிந்தது. கொடுப்பதென்றால் முழுதாகக் கொடுப்போம் என்றது ஒரு பக்கம். “ஏழைன்னா மட்டமான லென்ஸா? நம்ம வீட்டுப் பிள்ளைக்கு அப்படிப் பார்ப்போமா?” என்று ஒரு மூத்த உபயகாரர் மேசையைத் தட்டினார். அவர் இங்கே முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். அந்தக் கோபம் நல்ல கோபம். மறுபக்கம், ஒருவருக்குக் கொடுக்கும் தொகையில் ஐந்து பேருக்குக் கண் தெரிய வைக்கலாமே என்றது. இரண்டாம் கூட்டத்தில் நான் ஒன்றே ஒன்றைக் கேட்டேன்: அவர் நாலரை மணிக்கு எதைப் பார்க்க வேண்டும்?

அதை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. விலை எழுதிக் கொடுத்தவர்களும் கேட்கவில்லை. விண்ணப்பத்தை வாங்கிய நாங்களும் கேட்கவில்லை. அவரை வீட்டுக்கு அழைத்தேன்.

“சார், நீங்க எந்த லென்ஸ் போட்டீங்க? அதையே எனக்கும் சொல்லுங்க.”

“தம்பி, நான் நோட்டுத் திருத்துறவன். நீ பாலத்துல மோட்டார் ஓட்டுறவன். என் லென்ஸ் உனக்கு எதுக்கு?”

வேறொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கச் சொன்னோம். அதற்கான செலவை மட்டும் அறநிதி கொடுத்தது. அங்கே விழித்திரையைப் படம் பிடித்துப் பார்த்ததில் நீரிழிவால் வீக்கம் இருந்தது. முதலில் அதற்கு மருந்து, பிறகுதான் புரை என்றார்கள். விழித்திரை பழுதுபட்ட கண்ணுக்கு ஒளியைப் பங்கு போடும் லென்ஸ் பொருந்தாது. இருக்கிற ஒளி முழுதும் ஒரே இடத்தில் விழ வேண்டும். இந்நாட்டில் 2019இல் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது இன்னும் அதிகம். ஆகவே நம் பிள்ளைகள் எந்த லென்ஸ் என்று கேட்பதற்கு முன், “என் விழித்திரை எப்படி இருக்கிறது?” என்று கேட்க வேண்டும். விலைப் பட்டியல் அதற்குப் பிறகு.

சில மாத மருந்துக்குப் பின், இரண்டு கண்ணுக்கும் தூரத்துக்கான சாதாரண லென்ஸ் வைத்தார்கள். அதைக் காப்புறுதியே ஏற்றது. வேலைக்குப் போகாத நாள்களுக்குக் குடும்பச் செலவும், படிக்கும் கண்ணாடியும் அறநிதியின் கணக்கு. அந்த ஒரு வரி இதுதான். இப்போது நாலரைக்கு மோட்டார் எடுக்கிறார். விளக்கு விளக்காகவே தெரிகிறது என்கிறார். குறையும் சொல்கிறார், மறைக்க மாட்டேன். கைபேசியில் சம்பளக் குறுஞ்செய்தி பார்க்கக் கண்ணாடி தேட வேண்டியிருக்கிறதாம். ஒன்றைச் சாப்பாட்டுப் பெட்டியிலும் ஒன்றை மோட்டார் இருக்கைக்கு அடியிலும் வைத்திருக்கிறார். இருந்தும் ஒன்று எப்போதும் தொலைந்துவிடுகிறது.

முன்வரிசையில் இருக்கும் பெரியவருக்கு என் பதில் இதுதான், ஐயா. சாதாரண லென்ஸ் என்பது விலையில் சாதாரணம். பார்வையின் கூர்மையில் அதை மிஞ்சியது இன்னும் இல்லை. மற்றவை கண்ணாடியைக் குறைக்கின்றன, அதற்கு ஈடாக வேறொன்றைக் கேட்கின்றன. பகலில் கடையில் நிற்கிற, விழித்திரை நன்றாக உள்ள ஒருவர் அந்த விலையைத் தாமே கொடுத்து வாங்கினால் தவறே இல்லை.

மூன்றாம் கூட்டத்தில் முடிவானது: விண்ணப்பத்தோடு ஒரு தாள் சேர்த்திருக்கிறோம். எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுகிறீர்கள், இரவில் வாகனம் ஓட்டுகிறீர்களா, எதைக் கண்ணாடியில்லாமல் பார்க்க விரும்புகிறீர்கள், நீரிழிவு உண்டா, விழித்திரை பரிசோதித்த நாள் என்ன, மறு கண்ணின் அளவு என்ன என்று அதில் கேட்டிருக்கிறோம். வீட்டார் உதவியோடு நிரப்பி, அறுவைக்கு முன் மருத்துவரிடமும் அதைக் காட்டலாம். அறுவைக்குப் பிறகு கண்ணில் வலியோ சிவப்போ வந்தாலும், பார்வை திடீரென்று குறைந்தாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் அடியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். ஆண்டுகள் கழித்து மெல்ல மெல்ல மங்கினால் பயப்பட வேண்டாம். லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் உறை மங்கியிருக்கலாம்; அப்படியானால் லேசரால் சில நிமிடத்தில் திறந்துவிடுவார்கள். எனக்கு வலக்கண்ணில் செய்தார்கள்.

முடிவாகாத ஒன்றும் இருக்கிறது. பலகுவிய லென்ஸுக்கு நிதி இல்லை என்று தீர்மானித்துவிட்டோம். டோரிக் லென்ஸ் கேட்டு ஒரு தாயார் விண்ணப்பித்திருக்கிறார். தையல் வேலை செய்பவர். சிதறல் பார்வை அதிகம். அந்த லென்ஸ் இல்லாவிட்டால் கனத்த கண்ணாடி வேண்டியிருக்கும். இது வசதிக்காகக் கேட்பதா, தேவைக்காகக் கேட்பதா என்று குழுவால் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் மீண்டும் எடுக்கிறோம். பணம் தந்தவர்கள் நீங்கள். உங்கள் கருத்தை ஒரு தாளில் எழுதி அலுவலகத்தில் கொடுத்துச் செல்லுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தாக இருந்தால் பொருளாளருக்கும் எனக்கும் உதவியாக இருக்கும்.